வெள்ளை அடித்த அறை

வெள்ளகோவிலுக்குத் தெற்கே, மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் புழுதி என்று கிடந்த காட்டில் பிறந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டி, மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், இங்கே பட்டறை போட்டால் துருதான் மிஞ்சும் என்று எல்லோரும் ஒதுக்கிய இடத்தில் பட்டறை போட்டேன். வெல்டிங் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பார்த்துப் பார்த்து வந்தது. நூல் மில்லுக்குக் காற்று தயாரிக்கிற எந்திரம் என் தொழில். காய்ந்த காற்றில் பஞ்சு நூல் அறுந்துகொண்டே இருக்கும். வெளிக்காற்றை இழுத்து, தூசி எடுத்து, தண்ணீர்த் தூவலுக்குள் விட்டு, ஈரமாக்கி உள்ளே தள்ள வேண்டும். இரும்பு தட்டுகிறவனுக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டவர்கள் மில்லிலேயே இன்று என் எந்திரம் ஓடுகிறது. கருமத்தம்பட்டியில் தறிக்கூடங்களுக்குச் செய்தேன். பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்குச் செய்தேன். காளான்காரர்களுக்குச் செய்தேன். படிக்காதவன் செய்தது என்று ஒரு எந்திரம்கூடத் திரும்பி வந்ததில்லை.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. ஒரு சோளச் செடி, தன் பரம்பரைக்குள் எந்த இடம் கெட்டிருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது நான் கட்டிய அறைகளில்தான். அந்த அறைகளைக் கட்டச் சொன்ன அம்மாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் பெயரை எழுத மாட்டேன். ஏன் என்பது கடைசியில் வரும்.

பட்டறையில் அவருக்கு டாக்டரம்மா என்று பெயர். ஆராய்ச்சி நிலையமொன்றில் செடிகளின் மரபணுவைப் படித்துக்கொண்டிருந்தவர். வந்த புதிதில் எங்கள் மேஸ்திரி அவரிடம் போய் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டான்.

"நான் எலைக்குத்தானுங்க டாக்டரு," என்றார்.

"எலைக்குக் கால் வலி வருமுங்களா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மறுநாள் வேறு வேலையாகப் போனில் கூப்பிட்டவர், பேச்சுக்கு நடுவே திடீரென்று சிரித்தார். என்னுங்கம்மா என்றேன். "இல்லீங்க, எலைக்குக் கால் வலி," என்றார். எந்த வேடிக்கையும் அவருக்கு ஒரு நாள் கழித்துத்தான் போய்ச் சேரும்.

நாற்பதைத் தாண்டியவர். அப்பா ரயில்வேயில் கார்டு. போத்தனூர்க் குடியிருப்பிலேயே வளர்ந்ததால் பேச்சு எங்கள் பேச்சு. கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சின்னச் சிலுவை. வழியில் எந்தச் செடியைக் கண்டாலும் ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நரம்பைப் பார்ப்பார். அது என் வீட்டு வாசல் செம்பருத்தியாக இருந்தாலும் கேட்கிற வழக்கம் இல்லை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த இலை இல்லை. அவருடைய ஒரு கேள்வி. "இதை எடுத்துட்டா என்னாகுமுங்க?"

முதல் நாளே கேட்டார். மில் ஒன்றுக்குப் போக வேண்டிய எந்திரத்தைப் பட்டறையில் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். விசிறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர், கடைசி விசிறி முன்னால் நின்றார்.

"ஏனுங்க, இதை நிறுத்தலாமுங்களா?"

"எதுக்குங்க நிறுத்தோணும்? அது ஓடித்தான் ஆகோணும்."

"என்ன செய்யுதுன்னு தெரியணுமுங்க."

"காத்தைத் தள்ளுது. வேற என்ன செய்யும்?"

"நிறுத்திப் பாத்தாத்தானுங்க தெரியும்."

எனக்குக் கோபம். இருந்தாலும் விருந்தாளி. நிறுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. ஈரம் அப்படியே, வேகம் அப்படியே. தொழில் தொடங்கின நாளிலிருந்து எல்லா எந்திரத்திலும் நான் வைத்துக்கொண்டிருந்த விசிறி சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அன்று சாயங்காலம் அவரோடு பேசவில்லை. அடுத்த எந்திரத்திலிருந்து அந்த விசிறியை வைக்கவில்லை. கழற்றுகிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? எனக்கு வந்தது.

சாப்பாட்டிலும் இதே கதை. பட்டறைக்கு வருகிற நாட்களில் மதியம் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். ஒரு நாள் உப்பே வேண்டாம் என்பார். மற்றொரு நாள் புளி வேண்டாம் என்பார். என் வீட்டுக்காரி துடித்துப்போய்விட்டாள்.

"ஏங் கண்ணு, கொழம்பு நல்லால்லியா?"

"நல்லாருக்குதுங்கம்மா. புளி எதுக்குப் போடறோம்னு பாக்கறேன்."

"கொழம்புக்குத்தான் போடறோம்."

"அதில்லீங்க. இல்லைன்னா எது கெட்டுப்போகுதுன்னு."

"எம் மனசு கெட்டுப்போவுது. பேசாமத் தின்னு சாமி."

வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள், கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அவர் அம்மா இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாமல் போகிறவர். பங்குச் சாமியாரே வீட்டுக்கு வந்து கேட்டாராம். கோபமா என்று நானும் கேட்டேன்.

"கோபமெல்லாம் இல்லீங்க. போகாம இருந்தா எது நின்னுபோகுதுன்னு பாத்தேன்."

"எது நின்னுச்சுங்க?"

"ஞாயித்துக்கிழமை நின்னுபோச்சுங்க," என்றார். பிறகு கையிலிருந்த செம்பருத்தி இலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். மறு வாரத்திலிருந்து போனார் என்று கேள்விப்பட்டு நிம்மதியானேன்.

இந்தப் புத்தி அவருக்குத் தொழிலில் வந்தது. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். செடி காற்றிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துத்தான் வெயிலில் தனக்குச் சோறு பொங்குகிறது. நெல்லிலும் பருத்தியிலும் அதைப் பிடிக்கிற வேலைக்காரன் கொஞ்சம் அவசரக்காரன். வெயில் ஏற ஏற, கரியமில வாயு என்று நினைத்துப் பிராணவாயுவைப் பிடித்துவிடுவான். பிடித்ததைத் திருத்தவே பாதி உழைப்பு போகும். சோளத்தில் அப்படி இல்லை. இலைக்குள் இரண்டு அறை. வெளியறையில் ஒருவன் வாயுவைப் பிடித்து மூட்டையாகக் கட்டி உள்ளறைக்குத் தள்ளுவான். அந்த அவசரக்காரன் உள்ளறையில் இருக்கிறான். அவனைச் சுற்றிக் கரியமில வாயுவே நிறைந்திருப்பதால் தப்பாகப் பிடிக்க வழியில்லை.

"உங்க மில்லுல வெளிக்காத்து நேரா நூலுக்குப் போகுதுங்களா?" என்று கேட்டார்.

"போகாதுங்க. தண்ணிக் கூடத்துக்குள்ள போயித்தான் வரும்."

"அதேதானுங்க சோளம். நெல்லு, கூடம் இல்லாத மில்லு."

எங்கள் காட்டில் நெல் கருகி நிற்கிற வெயிலில் சோளம் ஏன் தாங்கியது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. அந்த இரண்டு அறையையும் கட்டுகிற, இயக்குகிற மரபணுக்கள் எவை என்பது முழுதாகத் தெரிந்தால், பின்னால் ஒரு காலத்தில் நெல்லுக்கும் அந்தக் கூடத்தைக் கட்டிக் கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம். எது எந்த வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க வழி? எடுத்துப் பார்ப்பதுதான். சோள விதைகளை ஒரு ரசாயனத்தில் ஊறவைத்தால், விதைக்குள் பரம்பரையாக எழுதி வந்திருப்பதில் எங்கோ ஓர் எழுத்து கெடும். எந்த விதையில் எது கெட்டது என்று தெரியாது. எல்லாவற்றையும் முளைக்க வைத்து, கரியமில வாயு குறைந்த காற்றில் நிறுத்த வேண்டும். கூடம் சரியாக உள்ள செடி பச்சையாகவே நிற்கும். மூட்டை கட்டித் தள்ளுகிற வேலையில் எழுத்து கெட்டது மட்டும் வெளுத்துப் போகும்.

அப்படிப்பட்ட காற்று வேண்டும் என்றுதான் என்னிடம் வந்தார். கட்டிக் கொடுத்தேன். வரைபடம் இல்லை, மாதிரி இல்லை. நிலையத்திலேயே, கதவிடுக்கில் எறும்பு நுழையாத அறை. வெளிக்காற்றை ஒரு பீப்பாய்க்குள் விட்டு, அதிலிருக்கிற வெள்ளை உருண்டைகள் கரியமில வாயுவைக் குடித்த பிறகு உள்ளே அனுப்பினேன். அந்த உருண்டைகளுக்குப் பட்டறையில் மருந்து என்று பெயர். மருந்து தீர்ந்துபோச்சுங்க, மருந்து மாத்தோணுமுங்க என்றுதான் பேசுவோம்.

அந்த அறையில் தட்டுத் தட்டாக நாற்று வைத்து, டாக்டரம்மா நடந்து நடந்து பார்த்தார். பச்சையாக நின்ற எதையும் அவர் கண் பார்க்கவே பார்க்காது. விவசாயி வீட்டுப் பிள்ளையான எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு நாற்று வெளுத்தது. எலுமிச்சைத் தோல் நிறம். அதன் முன்னால் குனிந்து நின்றவர் முகத்தில் நான் பார்த்ததை, பிள்ளை பிறந்த வீட்டில்தான் பார்க்க முடியும். அதை வெளியே எடுத்துத் தேற்றி, விதை வாங்கினார். அதன் வழியில் வந்த செடிகளிலும் வெளுப்பு இறங்கியது. கெட்ட எழுத்து எது என்றும் ஓரளவு பிடித்துவிட்டார். இரண்டு அறைக்கும் நடுவில் மூட்டையைக் கடத்துகிற வேலையாம் அது.

அந்த நாட்களில்தான் ஒருமுறை பட்டறையில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது கேட்டார்.

"உங்களை எடுத்துட்டா இந்தப் பட்டறை என்னாகுமுங்க?"

"சாயங்காலத்துக்குள்ள பூட்டிப்போடுவாங்க," என்றேன்.

"பாத்திருக்கீங்களா?"

அந்த வீம்பில் வெள்ளகோவிலுக்குப் போனேன். போனை அணைத்துவிட்டுத் தங்கினேன். திரும்பி வந்தபோது எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, சரக்கு போயிருந்தது, மேஸ்திரி என் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். எழுந்தவன், "ஊருல மழைங்களா முதலாளி?" என்றான். டாக்டரம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் எனக்குக் குத்தியது.

அதன் பிறகு தொந்தரவு வந்தது. நிலையத்துப் பெரியவர், நல்ல மனிதர், ஆனால் சந்தேகக்காரர். செடி வெளுத்தது மரபணுவால் இல்லை, அறையால் என்றார். பட்டறைக்காரன் கட்டிய அறை, பெயின்ட் வாசமோ வெல்டிங் புகையோ ஏதோ செடியைக் கெடுத்திருக்கும் என்றார். இதை மறுக்க ஒரே வழி. வெளுத்த செடியின் வாரிசுகளை, கரியமில வாயு நிறைந்த காற்றில் வளர்க்க வேண்டும். வாயு தானாகவே வழிந்து நிறைந்திருந்தால், மூட்டை கட்டத் தெரியாத செடியும் பிழைத்துப் பச்சையாகும். பச்சையானால் குறை கடத்துகிற இடத்தில்தான் என்று நிற்கும். ஆகாவிட்டால் டாக்டரம்மாவின் இத்தனை நாள் உழைப்பு போச்சு. அடுத்த வருடத்துக்கு இந்த வேலையை நடத்த விடுவதா என்பதையும் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இரண்டாவது அறைக்கு நிலையத்தில் இடம் தரவில்லை. என் பட்டறைக்குப் பின்னால் பழைய குளிர்சாதனக் கிடங்கு ஒன்று சும்மா இருந்தது. கெட்டியான சுவர். கதவு மாற்றி, விளக்கு போட்டு, சிலிண்டரிலிருந்து குழாய் இழுத்துக் கொடுத்தேன். நானே முன்னால் நின்று செய்தேன். யாரும் கேட்கவில்லை.

அறை முடிந்தபோது ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு முன்னால் பட்டறை முழுக்க வெள்ளை அடிப்பது எங்கள் வழக்கம். புது அறை மட்டும் வெறுஞ்சுவரோடு நிற்கலாமா? மேஸ்திரி யோசித்தான். டிஸ்டெம்பர் அடித்தால் வாசம் செடிக்கு ஆகாது என்று, காளவாயிலிருந்து கல்லாக வாங்கி வந்து புதிதாக நீற்றி, கெட்டியாக, ஒன்றின் மேல் ஒன்றாக அடித்தான். சந்தனம் வைத்தோம், பொட்டு வைத்தோம். டாக்டரம்மாவின் தொட்டிகள் உள்ளே போயின. போனில் கேட்டார்.

"உள்ள எதாச்சும் மாத்துனீங்களா?"

"ஒண்ணும் மாத்தலீங்க. வெள்ளை அடிச்சிருக்குது, அவ்வளவுதான்."

"சரிங்க," என்றார்.

பெரியவரும் இன்னும் இருவரும் பார்க்க வந்த நாளில் செடிகள் வெளுத்தே நின்றன. சிலிண்டர் முள் சரியாகத்தான் காட்டியது. அறைக்குள் எவ்வளவு வாயு என்று அளக்கிற மீட்டர் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான், அது நிலையத்து அறையில் மாட்டியிருந்தது. பெரியவர் ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மணி, செடி வெளுத்துத்தான் இருக்குது. நான் என்னன்னு எழுதட்டும்?"

"பாத்ததை எழுதுங்க சார்," என்றார் டாக்டரம்மா.

அவர்கள் கார் போன பிறகு, மீட்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். அறைக்குள் வைத்தார். முள் ஏறவேயில்லை. சிலிண்டரிலிருந்து போகிற வாயுவை எதுவோ குடித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அவர் செய்ததுதான் அவர். செடியை வெளியே எடுத்தார். விசிறியை எடுத்தார். முள் ஏறவில்லை. குழாயை மாற்றினார். ரப்பர் பட்டையை உரித்தார். விளக்கைக் கழற்றினார். மண் தொட்டி, பலகை, சந்தனம் வைத்த தகடு, எல்லாம் முற்றத்துக்கு வந்தன. வெற்று அறைக்கு நடுவில் மீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னும் என்ன மேஸ்திரி இருக்குது உள்ள?"

"ஒண்ணுமில்லீங். சொவருதான் இருக்குது."

"சொவத்துல என்ன?"

"வெள்ளைங்."

"வெள்ளைன்னா?"

"சுண்ணாம்புதானுங்."

டாக்டரம்மா என்னைப் பார்த்து, "பீப்பாயில போடற மருந்து என்னதுங்க?" என்றார். அதுவும் சுண்ணாம்புதான். சுண்ணாம்பு இறுகுவதே கரியமில வாயுவைக் குடித்துத்தான். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், முதல் அறையைக் கட்டியதே அதை வைத்துத்தான். பீப்பாயில் இருந்தால் மருந்து. சுவரில் இருந்தால் வெள்ளை. ஒரே சரக்குக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டு எல்லோரும் ஏமாந்தோம். போனில் அந்த வார்த்தையைக் காதால் கேட்டவரும் ஏமாந்தார்.

மேஸ்திரியின் கண் கலங்கிவிட்டது. "நான் நல்லதுக்குத்தானுங் அடிச்சேன்," என்றான்.

"நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க. ஒரு திட்டுக்கூட விடலை," என்றார். அதில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சுவரைக் காரை வரைக்கும் சுரண்டி எடுத்தோம். நானும் சுரண்டினேன். கழுவி, உலர்த்தி, முள் ஏறுவதைப் பார்த்த பிறகு புதிதாக விதைத்தார். முளைத்த செடிகள் பச்சையாக எழுந்தன. நிலையத்து அறையில், வாயு குறைந்த காற்றில் வைத்த அதே விதை வெளுத்தது. கூப்பிட்டு என் கையில் ஓர் இலையைக் கொடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னார். ஐந்தாம் வகுப்புக்காரன் பிடித்தேன், பார்த்தேன். எனக்குத் தெரிந்து அதை முதலில் பார்த்த இரண்டு பேரில் நான் ஒருவன்.

பெரியவரிடம் படம் காட்டினார். முடிவு எழுதி மேலே போய்விட்டது, இனி அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்றார்கள். நான் நேரில் போய்ச் சண்டை போடுகிறேன் என்றேன். டாக்டரம்மா வேண்டாம் என்றார். விதை, மீட்டர், செடி எல்லாவற்றையும் தனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வேலையை விட்டுவிட்டார். எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தபோது, உப்பு, புளி எல்லாம் போட்ட சாப்பாடு சாப்பிட்டார்.

"ஏனுங்கம்மா இப்படிப் பண்ணிப்போட்டீங்க?" என்றேன். "உங்க பொருளு அது."

"நெசம்னா நான் இல்லாட்டியும் நிக்கணுமில்லீங்களா? என்னை எடுத்துட்டுப் பாக்கலாம்."

"பட்டறை மாதிரியா?"

"பட்டறை ஓடுச்சில்லீங்களா?" என்றார். வெள்ளகோவில் கதையை அவர் அன்றே தெரிந்துகொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வாசல் வரை போனவர் திரும்பி, "யாருகிட்டயாச்சும் இதைச் சொன்னா, எம் பேரை எடுத்துட்டுச் சொல்லிப் பாருங்க. கதை நிக்குதான்னு," என்றார். மறுநாள் எதற்காவது சிரித்துக்கொண்டே போனில் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. இப்போது அந்த எண்ணில் வேறு யாரோ பேசுகிறார்கள். பங்குக் கோயிலிலும் விசாரித்தேன். அவர்களுக்கும் தெரியவில்லை. தன்னை எடுத்துவிட்டால் எது நிற்கும் என்று பார்த்தவர், எது விழும் என்று பார்த்தாரா? என் வீட்டுக்காரி இன்றும் மதியத்தில் ஒரு தட்டு கூடுதலாக எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறாள்.

அவர் கண்டுபிடித்தது நின்றது. அந்தச் சோளத்தில் கெட்ட எழுத்து அவர் சொன்ன இடத்தில்தான் என்று நிலையத்தில் ஒத்துக்கொண்டு, விழா வைத்து, சுவரில் பெரிய பலகை மாட்டியிருக்கிறார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். பலகை ஆங்கிலத்தில் இருந்தது. பக்கத்தில் நின்றவரைப் படித்துச் சொல்லச் சொன்னேன். செடி, மரபணு, இப்போது நடத்துகிறவர்கள் பெயர் எல்லாம் இருந்தன. டாக்டரம்மா பெயர் கீழே, சின்ன எழுத்தில். எனக்கும் ஒரு வரி இருந்தது. வெளியார் பட்டறை அறையில் ஏற்பட்ட பழுதால் இடையில் தாமதம் என்று.

பழுது உண்மைதான். சுண்ணாம்பு என் பட்டறைச் சுண்ணாம்பு. ஆனால் பழுது நடந்த அதே அறையில்தான் செடி பச்சையானது. தாமதத்துக்கு என் பட்டறை வேண்டும், பச்சைக்கு வேண்டாமா?

டாக்டரம்மா வழியிலேயே பார்ப்போம். அவர் பெயரை எடுத்துவிட்டு இவ்வளவும் சொன்னேன், நிற்கிறது. என் பட்டறையிலிருந்து என்னை எடுத்துப் பார்த்தாயிற்று, அதுவும் ஓடியது, ஒத்துக்கொள்கிறேன். இப்போது நான் கட்டிய இரண்டு அறைகளையும் எடுத்துவிட்டு, அந்த நாற்று எங்கே வெளுத்தது, எங்கே பச்சையானது என்று நிலையத்தார் சொல்லட்டும். முடியாது. அதனால் பலகையில் என் பெயரையும் மேஸ்திரி பெயரையும் போடுங்கள். டாக்டரம்மா பெயரை மேலே ஏற்றுங்கள், அவர் வேண்டாம் என்று சொல்லத் திரும்பி வரட்டும். தமிழில் போடுங்கள். நான் படிக்க வேண்டும்.